ஆண் பிள்ளைக்கு அபூர்வப் பெயர்: இந்த மாதம் வந்த கேள்விகள்

இந்த முறை தபால் முழுக்கப் பெயர்தான். ஊர் உலகத்தில் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும், ஆனால் எல்லோருக்கும் வாயில் வரவும் வேண்டும் என்கிறார்கள். சரி, பார்ப்போம்.

ஹவாய் மொழியில் கடல் என்று அர்த்தம் வரும் ‘கை’ என்ற பெயர் எப்படி? (தெஹிவளை)

ஹவாயில் கடல்தான், சந்தேகமில்லை. தெஹிவளையில் அது கை. ‘கை கழுவியாச்சா’ என்று அம்மம்மா கேட்டால் எந்தக் கை என்று அவன் திருப்பிக் கேட்பான். கடல் வாசம் வேண்டுமென்றால் டிலனை யோசியுங்கள். வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில், பெயர் வைத்த கையோடு கடலுக்குப் போய் மீன் போல நீந்திய பிள்ளை அவன். ஆயிலியத்துக்கு டி, டு, டே, டோ எழுத்தில் பெயர் கேட்டு எழுதிய மூன்று பேருக்கும் இதே பதில்தான்.

நான் கத்தோலிக்கம், அவர் சைவம். இரண்டு பக்கமும் முகம் சுளிக்காத பெயர்? (கொட்டாஞ்சேனை)

முதலில் எனக்குத் தோன்றியது மாறன். பாண்டியர் பட்டப்பெயர், நம்மாழ்வாருக்கும் அதுவே பெயர். அரமேய மொழியில் மாரன் என்றால் ‘எங்கள் ஆண்டவர்’. பைபிளில் வரும் மாரனாதாவுக்குள் இருப்பது அதுதான். ஆனால் நீங்கள் இருப்பது கொழும்பில். சிங்களத்தில் றகரம் கிடையாது, உங்கள் மாறன் அங்கே மாரன் ஆகிவிடுவான், பள்ளிக்கூட வானில் ஏறிய முதல் நாளே ‘மாரயா’ என்று பகிடி தொடங்கிவிடும். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவன், உயிர் எடுக்க வருகிறவன், இரண்டும் அந்தப் பெயர்தான். எப்போதும் சொல்வதையே சொல்கிறேன்: பெயரை மூன்று மொழியிலும் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். சண்டை வேண்டாமென்றால் நாதன். இங்கே தலைவன், எபிரேயத்தில் நாத்தான், ‘கொடுத்தார்’. அபூர்வம் இல்லைதான், என்ன செய்ய.

ஆரவ் என்று வைக்க முடிவு செய்துவிட்டோம். ‘அமைதியானவன்’ என்று இணையத்தில் போட்டிருக்கிறது. சரிதானே? (வெள்ளவத்தை)

முடிவு செய்துவிட்டு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? சமஸ்கிருதத்தில் ரவம் என்றால் ஒலி, ஆரவம் என்றால் சத்தம், கூச்சல். நம் ஆரவாரத்துக்குப் பக்கத்து வீட்டுச் சொல். அமைதியானவன் என்று யாரோ ஒருவர் எழுதினார், அதைப் பார்த்து நூறு பட்டியல்கள் எழுதின, இப்போது நூறு இடத்தில் இருப்பதால் உண்மையாகிவிட்டது. இந்தப் பட்டியல்களோடு எனக்குப் பழைய கோபம் உண்டு. ஒரே பெயருக்கு ஒன்றில் சிவன், இன்னொன்றில் சூரியன், மூன்றாவதில் ‘வெற்றியாளன்’. எந்த மொழி, என்ன வேர், எங்கே வழங்கியது என்று ஒரு வரி கிடையாது. கியானைப் பாருங்கள்: பாரசீகத்தில் அரச குலத்தோடு சேர்ந்த சொல், அயர்லாந்தில் அதே ஒலி வேறு பெயர், ‘பழமையான’ என்று பொருள். பட்டியலோ இரண்டையும் குழைத்து ‘பழமையான அரசன்’ என்று பரிமாறும். ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு நல்ல அகராதியைப் பிரித்துப் பாருங்கள், பிள்ளை அந்தப் பெயரை எண்பது வருடம் சுமக்கப் போகிறது. ஆரவ் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தக் குழந்தை அமைதியாக இருந்தது? பொருத்தமாகவே இருக்கும். அமைதி என்று மட்டும் உறவுக்காரரிடம் சொல்லாதீர்கள்.

அவசரம். நல்ல வித்தியாசமான பெயர் ஒன்று அனுப்பவும்.

கடிதமே இவ்வளவுதான். ஊர் இல்லை, மதம் இல்லை, அப்பா பெயர்கூட இல்லை. நான் என்ன சாத்திரியா? அவசரம் என்றால் ஒன்று சொல்கிறேன்: பிறப்பைப் பதிய 42 நாள். 31ஆம் நாள் துடக்குக் கழியட்டும் என்று இருந்தால் மிச்சம் பதினொரு நாள்தான், அதற்குள் பெரியப்பா, சித்தி, கனடா மாமா எல்லோரும் பேசி முடிக்க வேண்டும். இப்போதே தொடங்குங்கள்.

எண் சாத்திரப்படி ஆங்கிலத்தில் இன்னும் ஓர் எழுத்துக் கூட்டச் சொல்கிறார்கள். (பம்பலப்பிட்டி)

கூட்டாதீர்கள். என் பெயரில் ஒரு ‘எச்’ அடையாள அட்டையில் இருக்கிறது, கடவுச்சீட்டில் இல்லை. அந்த ஒற்றை எழுத்துக்காக ஒரு அலுவலகத்தில் மூன்று தரம் சத்தியக் கடதாசி கொடுத்தவன் சொல்கிறேன். அத்தாட்சிப் பத்திரத்தில் தொடங்கி எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருக்கட்டும்.

அப்துல் என்று மட்டும் வைக்கலாமா, சுருக்கமாக? (மாளிகாவத்தை)

கூடாது. ‘…இன் அடியான்’ என்று பாதியில் நிற்கிறது. யாருடைய அடியான் என்பதையும் சேர்த்து முழுதாக வையுங்கள். சுருக்கம் வேண்டுமென்றால் ரய்யான், நோன்பாளிகள் நுழையும் சொர்க்க வாசலின் பெயர்.

பாரி? (கொள்ளுப்பிட்டி)

அருமை. ஆங்கிலத்தில் இரண்டு ‘ஏ’ போடுங்கள். ஒன்றோடு விட்டால் பாரசீகத்தில் ‘பரி’, தேவதை, பெண் பெயர். மூன்று மொழி என்றேனே, நாலாவதும் உண்டு.

திருவாதிரை. ‘ங’ எழுத்தில் பெயர் உண்டா? (வத்தளை)

இல்லை. அதே நட்சத்திரத்துக்குக் ‘கு’வும் உண்டு, குட்டுவன் என்று வையுங்கள், சேரன் பெயர். வீட்டில் எப்படியும் குட்டி என்றுதான் கூப்பிடுவீர்கள்.