பிரௌனி நடுவில் வேகாததற்குக் காரணம் வாழைப்பழம்

பாக்கெட் மாவில் முட்டையில்லாமல் செய்த பிரௌனி (சாக்லேட் கேக் துண்டு) நடுவில் வேகவில்லை, இன்னும் கொஞ்சம் சுடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகச் சுட்டுப் பயனில்லை. பாக்கெட் கேட்ட இரண்டு முட்டைக்குப் பதில் இரண்டு பெரிய வாழைப்பழம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், வினை அங்கேதான். ஒரு முட்டைக்குக் கால் கப் மசித்த பழம், ஏறக்குறைய நடுத்தரப் பழத்தில் பாதி, போதும். நீங்கள் போட்டது இரு மடங்குக்கு மேல். ஓரம் கருகி நடு களியாக நிற்காமல் என்ன செய்யும்?

பழத்தை விட்டு ஆளி விதைக்கு மாறுங்கள். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். பத்து நிமிடம் ஊறியதும் கரண்டியிலிருந்து கொழகொழவென்று வழிய வேண்டும். முழு விதையைப் போட்டால் இந்தப் பதம் சரியாக வராது. ஆளி கிடைக்காவிட்டால், ஒரு முட்டைக்கு உப்பில்லாத கொண்டைக்கடலை டின்னின் நீர் மூன்று மேசைக்கரண்டி. எனக்கு ஆளிதான் பிடிக்கும், மென்று தின்னும்படி வரும்.

வெந்ததா என்று பார்க்க:

1. ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குச்சியைக் குத்துங்கள். ஈரத் துணுக்கு ஒட்டினால் எடுத்துவிடலாம். மாவு வழிந்தால் வேகவில்லை.

2. தட்டிலேயே முழுதாக ஆறவிட்டு, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பிறகு வெட்டுங்கள். நம் கோலாலம்பூர் வெக்கையில் வெளியே வைத்தால் சாக்லேட் சரியாக இறுகாது.

பாலையும் தவிர்ப்பவர் என்றால் ஒன்று கவனம்: ஹலால் முத்திரை இருப்பதால் பால் இல்லை என்று ஆகாது. பாக்கெட்டின் பின்புறம் ‘சுசு’ (susu, மலாயில் பால்) என்றோ ‘வே’ (whey, பால் திரிந்தபின் பிரியும் நீர்) என்றோ இருந்தால் அது பால்தான். சாக்லேட் துண்டு கலந்த பாக்கெட்டுகளில் குறிப்பாகப் பாருங்கள்.