ஒரு தீர்ப்பு வந்தால் ஊர் ஏன் எரிகிறது? ஒரு பெங்களூர்த் தமிழனின் பதில்

"நம் நாட்டு மக்களுக்கு இவ்வளவு அரசியல் கோபம் எங்கிருந்து வருகிறது? ஒரு தீர்ப்போ ஒரு வதந்தியோ போதும், பஸ் எரிகிறது. இதற்கு அடியில் இருக்கும் காரணம் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரசியல்வாதிகள் தூண்டிவிடுகிறார்கள், வாட்ஸ்அப் கெடுத்துவிட்டது என்று வழக்கமாகச் சொல்வார்கள். இரண்டும் பொய் இல்லை. ஆனால் நான் பார்த்த முதல் கலவரத்தின்போது எங்கள் தெருவில் டெலிபோன் இருந்ததே இரண்டு வீட்டில்தான். ஈர விறகில் யார் தீக்குச்சி உரசினாலும் பிடிக்காது. விறகு எப்படிக் காய்ந்தது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில். அப்பா ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1991 டிசம்பரில் எனக்குப் பதினோரு வயது. தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் ஜூன் மாதமே இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வந்ததும் பெங்களூர் வெடித்தது. அம்மா விளக்குப் போடவில்லை. தங்கச்சி தமிழில் ஏதோ கேட்க வாயெடுத்ததும் அவள் வாயைப் பொத்தினார். நகரத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். மைசூர்ப் பக்கம் கூலி வேலை செய்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டி ஓடினார்கள்.

எங்கள் தெருமுனை மளிகைக்கடைமேல் கல் விழுந்தது. எறிந்தவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகவே தெரியும். பின்வீட்டு அண்ணா. கன்னடக்காரர். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பத்து நாள் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி எங்கள் வீட்டுக்கு வந்தார், அம்மா காபி கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அம்மாமேல் எனக்குப் பல வருடம் கோபம்.

அந்த அண்ணாவின் அம்மா இறந்தபோது துக்கத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி வெளியே உட்கார்ந்திருக்கும்போது கேட்டேவிட்டேன். காவிரி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. "கெலச சிகலில்ல," என்றார். வேலை கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான்கு வருடம் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கியிருக்கிறார். மண்டியா மாவட்டத்து மத்தூர்ப் பக்கம் அவர் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு, பிள்ளைகள் மூன்று பேர். "யாரைப் போய்க் கேட்கிறது? கடை பக்கத்தில் இருந்தது," என்றார்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் அதற்குள்ளேயே இருக்கிறது. கோபம் பிறக்கிற இடம் வேறு, இறங்குகிற இடம் வேறு. போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கும்வரை கோபம் அந்த வாசலில் போய் நிற்கும். வாசல் அடைபட்டால் கைக்கு எட்டினவன் தலையில் விழும்.

காரணம் சொல்கிறேனே தவிர, செய்தது சரி என்று சொல்லவில்லை. அந்த மளிகைக்கடைக்காரர் இருபது வருட வியாபாரத்தை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே திரும்பிப் போனார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பெங்களூரில் அப்படி ஒரு வாசல் இருந்தது. 1980 டிசம்பரில் தொடங்கி 1981 மார்ச் வரை, இங்குள்ள பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 77 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்கும்போதெல்லாம் அப்பா அந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். தொழிற்சாலை வாசலில் நடக்கும் கூட்டத்தில் ஒருவர் கன்னடத்தில் பேசினால் அடுத்தவர் தமிழில் பேசுவார், அப்புறம் தெலுங்கு. எல்லாருக்கும் கோபம் இருந்தது, ஆனால் அது நிர்வாகத்தின்மேலும் டெல்லியின்மேலும் இருந்தது. 77 நாள் சம்பளம் இல்லாமல் பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கியவன் அந்த வீட்டுமேல் கல் எறிய மாட்டான். கேட்டது கிடைக்காமலே வேலைக்குத் திரும்பினார்கள். சங்கங்களின் பிடி அதற்குப் பிறகு தளர்ந்துகொண்டே வந்தது.

அடுத்த வருடமே, 1982இல், கோகாக் போராட்டம். பள்ளியில் கன்னடமே முதல் மொழி என்ற கோகாக் குழுவின் அறிக்கையை அமல்படுத்தச் சொல்லி கன்னட நடிகர் ராஜ்குமார் இறங்கியதும் மாநிலமே திரண்டது. அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது, தமிழனாகவே சொல்கிறேன். சொந்த மாநிலத் தலைநகரில் தன் மொழிக்காரனுக்கு வேலை இல்லை என்றால் யாருக்கும் வலிக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு வேலையில் முன்னுரிமை தரச் சொல்லி சரோஜினி மகிஷி குழு 1986இல் அறிக்கை கொடுத்தது. 2024 ஜூலையில்கூட மாநில அமைச்சரவை தனியார் வேலைகளில் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, தொழில்துறை எதிர்த்ததும் இரண்டே நாளில் நிறுத்திவைத்தது. தனியாரில் அப்படி ஒதுக்குவது சரிவராது என்பது என் கருத்து. ஆனால் முடியாது என்றாலும் அதை முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய நாற்பது வருடம் ஒருவரை வாசலிலேயே நிற்கவைத்தால் அவர் எதை எடுத்து எறிவார் என்று சொல்ல முடியாது.

எதிரியே தேவையில்லை என்று எனக்குக் காட்டியது 2006 ஏப்ரல். ராஜ்குமார் வயதாகி, மாரடைப்பில் இறந்தார். காவிரி இல்லை, தமிழன் இல்லை, தீர்ப்பு இல்லை. அப்படியும் பெங்களூர் எரிந்தது, எட்டுப் பேர் செத்தார்கள், ஐ.டி. கம்பெனிக் கண்ணாடிகள் உடைந்தன. அந்தக் கண்ணாடிகளைத்தான் நான் கவனித்தேன். தன் ஊரில் எழும்பிய, தான் உள்ளே போகவே முடியாத கட்டடம் அது.

சரி, காவிரியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1892, 1924 ஒப்பந்தங்களை மைசூர் சமஸ்தானம் பிரிட்டிஷாரின் மெட்ராஸ் மாகாணத்தோடு செய்தது. அப்போது நம்மால் எதிர்த்துப் பேச முடியவில்லை என்ற குறை மண்டியாவில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருகிறது. டெல்டாவில் கல்லணைக் காலத்து உரிமை என்ற நினைப்பு. இரண்டும் உண்மையான உணர்வுகள். ஆனால் மழை நன்றாகப் பெய்த வருடங்களில் யாரும் இதைப் பேசுவதில்லை. 2002, 2012, 2016 மூன்றும் மழை பொய்த்த வருடங்கள். பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட கணக்கு இல்லாததால், ஒவ்வொரு தடவையும் செப்டம்பரில் விவசாயியின் வயிற்றெரிச்சல் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து கன அடிக் கணக்காகத் தெருவுக்கு வந்தது. 2016 செப்டம்பர் 12இல் நாயண்டஹள்ளிப் பக்கம் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்த சுமார் நாற்பது தமிழ்நாட்டு பஸ்களைக் கொளுத்தினார்கள். அதே நாள் ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டிகளை அடித்தார்கள். இரண்டு இடத்திலும் அடிபட்டவர்கள் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீரைத் திறக்கவோ மூடவோ முடியாதவர்கள்.

இலங்கையையும் பாருங்கள். 1971 ஏப்ரலில் அங்கே அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்கள் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் சிங்கள இளைஞர்கள், பெரும்பாலும் கிராமத்தில் படித்து வேலை இல்லாமல் இருந்தவர்கள். ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில் தரப்படுத்தல் வந்தது, பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவன் கூடுதல் மார்க் எடுக்க வேண்டியதாயிற்று. இனவாதம் இல்லை என்று சொல்ல மாட்டேன், 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் சிங்களப் பையன் கேட்டது வேலை. அது அவனுக்கும் கிடைக்கவில்லை, தமிழ்ப் பையனுக்கு இருந்த படிப்பும் போயிற்று. எண்பதுகளின் முடிவில் வடக்கிலும் தெற்கிலும் ஒரே நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

பின்வீட்டு அண்ணாவுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்குக் கிட்ட. கடைசியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து காலத்தை ஓட்டிவிட்டார். அவர் பையன் டிப்ளமா முடித்துவிட்டு டெலிவரி வண்டி ஓட்டுகிறான். போன மாதம் என்னைப் பார்க்க வந்தான். ஒரு ஆர்டருக்குத் தருகிற காசைக் குறைத்துவிட்டார்கள், யாரிடம் போய்க் கேட்பது மாமா என்றான். மேனேஜர் யார் என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினான். ஆப்பில் உதவிக்கு என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று தானாகவே ஒரு பதில் வருகிறது. அவன் அன்றைக்கு மட்டும் நான்கு தடவை அழுத்தியிருந்தான்.