பெரிய தொகை கேட்கும் பேஸ்பால் நட்சத்திரம் பேராசைக்காரரா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயதாகும் என் மகன் நியூயார்க்கின் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் தீவிர ரசிகன். 2024 டிசம்பரில் அந்த அணியின் நட்சத்திரம் ஹுவான் சோட்டோ அதே நகரத்தின் மெட்ஸ் அணிக்குப் போனதிலிருந்து, ஆசையாக வாங்கிய அவருடைய 22ஆம் எண் சட்டையை அவன் தொடுவதே இல்லை. “காசுக்காகப் போய்விட்டார்” என்கிறான். 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்பது எனக்கும் அதிகமாகவே படுகிறது. நால்வர் உள்ள குடும்பம் மைதானத்துக்குப் போய்வருவதற்கே நூற்றுக்கணக்கில் செலவாகிறது. இந்தச் சம்பளங்களால்தான் டிக்கெட் விலை ஏறுகிறதா? மகனிடம் நான் என்ன சொல்வது?

பதில்: உங்கள் மகனின் வருத்தம் நியாயமானது. அதற்கு அவன் கண்டுபிடித்த காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2024 அக்டோபரில் கிளீவ்லாந்து அணிக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், இரண்டுக்கு இரண்டு என்ற சமநிலை: அவன் அதைப் பார்த்திருப்பான். சோட்டோ பந்துக்குப் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டுக்கொண்டே நின்று, ஏழாவது பந்தை வேலிக்கு அப்பால் தூக்கியடித்தார். அந்த ஒரே அடியில் மூன்று ஓட்டங்கள் கிடைத்தன. 2009க்குப் பிறகு முதன்முறையாக யாங்கீஸ், பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குள் நுழைந்தது. அப்படி அடித்தவர் இரண்டு மாதங்களுக்குள் அதே நகரத்தின் எதிரணிக்குப் போனால் ஒரு சிறுவனுக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலி பிரிவினால் வந்தது. அதன் பழியைப் பணத்தின்மீது போடுவதில்தான் கணக்கு தவறுகிறது.

யாங்கீஸ் சும்மா இருந்துவிடவில்லை என்பதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். 16 ஆண்டுகளுக்கு 76 கோடி டாலர் தர அவர்கள் முன்வந்ததாக அப்போதே செய்திகள் வெளிவந்தன. சோட்டோ அதற்குச் சம்மதித்திருந்தால் உங்கள் வீட்டில் அன்று கொண்டாட்டமாக இருந்திருக்கும். யாரும் அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 76 கோடி வாங்கித் தங்குவது விசுவாசம், 76.5 கோடி வாங்கிப் போவது பேராசை என்றால், அந்தச் சொல்லால் நாம் அளப்பது தொகையை அல்ல.

அடுத்து, இந்த வீரர் இதுவரை எந்தெந்த அணிகளில், யாருடைய விருப்பப்படி ஆடினார் என்று பாருங்கள். டொமினிகன் குடியரசைச் சேர்ந்த சோட்டோவை 2015இல், 16 வயதில், வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 15 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. 2019இல் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது அவர் அந்தத் தொடரில் மட்டும் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார், அதாவது மூன்று முறை பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். அந்த ஆண்டு அவருடைய சம்பளம் ஆறு லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. சாதாரண மனிதருக்கு அது பெரும் பணம்தான். ஆனால் அதே உழைப்புக்குத் திறந்த சந்தை கொடுத்திருக்கக்கூடிய விலையில் அது மிகச் சிறிய பங்கு. 2022இல் நேஷனல்ஸ் கொடுக்க முன்வந்த 15 ஆண்டு, 44 கோடி டாலர் ஒப்பந்தத்தை அவர் மறுத்தார். சில வாரங்களில் அவரைச் சான் டியேகோ அணிக்கு அனுப்பிவிட்டார்கள். 2023 டிசம்பரில் சான் டியேகோ அவரை யாங்கீஸுக்கு அனுப்பியது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் அவருடைய சம்மதம் தேவைப்படவில்லை. அணிகள் அவரைக் கைமாற்றியபோது துரோகம் என்று எவரும் சொல்லவில்லை. தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு முதன்முதலாக வந்து, அதை அவர் பயன்படுத்தியபோதுதான் அந்தச் சொல் வருகிறது.

இந்த வாய்ப்பு ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். முதன்மை லீகில் நுழையும் வீரர் ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடியும்வரை தன் அணிக்குக் கட்டுப்பட்டவர். பெரும்பாலானோருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைதான் கிடைக்கும். 2025இல் அந்தக் குறைந்தபட்சம் 7,60,000 டாலர். அடுத்த ஆண்டுகளில் உடன்பாடு எட்டாவிட்டால் சம்பளத்தை முடிவுசெய்யும் நடுவரிடம் போகலாம், ஆனால் வேறு அணிக்குப் போக முடியாது. ஓர் ஆண்டுப் பணி என்பது 172 நாள் என்று கணக்கு. 2015இல் சிகாகோ கப்ஸ் அணி தன் இளம் வீரர் கிரிஸ் பிரையன்டைப் பருவத்தின் தொடக்கத்தில் சில நாள்கள் கீழ் லீகிலேயே நிறுத்திவைத்தது. அவருடைய கணக்கில் 171 நாள்கள் சேர்ந்தன. ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவர் சுதந்திரம் பெறுவது ஓர் ஆண்டு தள்ளிப்போனது. வீரர் தரப்பு முறையீடு செய்தது. 2020இல் அது தள்ளுபடியானது. சட்டப்படி அணி செய்தது சரியாகவே இருக்கட்டும். ஒரு நாளைக்கூட எண்ணிப் பார்த்துத் தன் லாபத்தைக் காக்கும் முதலாளியிடம், வீரர் மட்டும் எண்ணாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

பேராசை என்ற குற்றச்சாட்டு கோடிகள் வந்த பிறகு பிறந்ததும் அல்ல. 1937இல் 46 ஹோம் ரன்கள் அடித்த ஜோ டிமாஜியோ, அடுத்த ஆண்டுக்கு 40,000 டாலர் கேட்டார். யாங்கீஸ் 25,000க்கு மேல் தர மறுத்தது. அவர் ஆட வராமல் பிடிவாதமாக இருந்து, வேறு வழியின்றி 25,000க்கே ஒப்புக்கொண்டு திரும்பியபோது, யாங்கீஸ் ரசிகர்களே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே அணியின் உடைமையாகவே இருந்தார். வேறு அணியுடன் பேசவே முடியாது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி தன் வீரர் கர்ட் ஃப்ளட்டைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல என்று அவர் பேஸ்பாலை நிர்வகிக்கும் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய சம்பளம் அப்போது 90,000 டாலர். அன்றைய கணக்கில் மிக உயர்ந்தது. அதை உதறிவிட்டு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. பணத்துக்காக மட்டும் கேட்பவர் அப்படிச் செய்ய மாட்டார். மார்வின் மில்லர் தலைமையிலான வீரர்கள் சங்கம் போராட்டத்தைத் தொடர்ந்தது. 1975 டிசம்பரில் வேறு இரு வீரர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பு வீரரை அணியோடு பிணைத்த அந்தக் கட்டுப்பாட்டை அவிழ்த்தது. சோட்டோவின் 76.5 கோடி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி டிக்கெட் விலைக்கு வருகிறேன். சம்பளம் ஏறியதால் டிக்கெட் ஏறியது என்பது காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ரசிகர்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்களோ அதுவே விலை; அந்த வருமானமும் தொலைக்காட்சிப் பணமும் பெருகியதால்தான் வீரரின் மதிப்பு ஏறுகிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஏப்ரல் மாதக் குளிரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கும், மெட்ஸ் வரும் வார இறுதி ஆட்டத்துக்கும் ஒரே இருக்கையின் விலையைப் பாருங்கள். இரண்டு நாளும் அதே வீரர்கள், அதே சம்பளம்; விலை மட்டும் வேறு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்திலும் பல பத்தாண்டுகள் வீரர்களுக்குச் சம்பளமே இல்லாமல் இருந்தது. அதற்காகப் பெரிய கல்லூரிகள் டிக்கெட்டை மலிவாக விற்கவில்லை. மிஞ்சிய பணம் பயிற்சியாளர்களின் சம்பளமாகவும் புதிய கட்டடங்களாகவும் மாறியது.

ஆகவே சோட்டோ குறைவாக வாங்கியிருந்தால் உங்கள் பணப்பையில் ஒரு டாலரும் மிஞ்சியிருக்காது. மிச்சம் அணி உரிமையாளரிடம் இருந்திருக்கும். 1973இல் ஒரு கோடி டாலருக்குள் கைமாறிய யாங்கீஸ் அணியை இன்று 800 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடுகிறார்கள். அந்த உயர்வைப் பேராசை என்று உங்கள் மகனின் நண்பர்கள் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

உடலையும் மறந்துவிடக் கூடாது. 2019 உலகத் தொடரில் சோட்டோவுடன் ஆடி, அந்தத் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான பந்துவீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், அந்த டிசம்பரில் ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதற்குப் பிறகு காயங்களால் அவர் ஆடியது எட்டே ஆட்டங்கள். ஒப்பந்தத் தொகை உறுதி செய்யப்பட்டிருந்ததால் அவருக்குப் பணம் கிடைத்தது. கையெழுத்துக்கு ஓராண்டு முன்பே அந்தக் காயம் வந்திருந்தால் கதையே வேறு.

பெரிய ஒப்பந்தங்கள் எல்லாமே குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. சோட்டோ முன்பே பல கோடி ஈட்டியவர், 2024இல் மட்டும் அவருக்கு 3.1 கோடி டாலர் சம்பளம்; தேவைக்காக அவர் இதைக் கேட்கவில்லை. ஷோஹெய் ஓதானி 2023இல் டாட்ஜர்ஸ் அணியோடு 70 கோடிக்கு ஒப்புக்கொண்டபோது, அதில் 68 கோடியைப் பின்னாளில் வாங்கிக்கொள்வதாகத் தானே முன்வந்து, அணி மற்ற வீரர்களுக்குச் செலவிட இடம் கொடுத்தார். ஒரு வீரர் அப்படிச் செய்தால் பாராட்டலாம். செய்யாதவரைக் குற்றவாளியாக்க அது போதாது.

என் மனத்தை உறுத்துவது வேறு. உச்சியில் இருப்பவர்களுக்காகப் பல பத்தாண்டுகள் பேரம் பேசிய சங்கம், கீழ் லீக் வீரர்களை 2022 வரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 2023 ஒப்பந்தத்துக்கு முன், முதன்மை லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ நிலை வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 13,800 டாலர். 2023 ஒப்பந்தத்தில் அது 30,250 டாலராக உயர்ந்தது. இந்த விளையாட்டில் பணம் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்டால் என் விரல் அங்கேதான் நீளும்.

உங்கள் மகனுக்கு இவ்வளவும் ஒரே நாளில் தேவையில்லை. அந்தச் சட்டையைத் தூக்கிப்போட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். 2024இல் சோட்டோ அடித்த 41 ஹோம் ரன்களும் யாங்கீஸ் கணக்கில்தான் இருக்கின்றன. 2025 மே மாதம் மெட்ஸ் உடையில் அவர் யாங்கீஸ் மைதானத்துக்கு வந்தபோது அரங்கமே கூச்சலிட்டது; அவர் தலைக்கவசத்தைக் கழற்றி அந்தக் கூட்டத்துக்கு வணக்கம் செலுத்திவிட்டுத்தான் மட்டையைப் பிடித்தார். அந்தக் காட்சியை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

செலவைப் பற்றிய உங்கள் கவலைக்கும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே, பிரிட்ஜ்வாட்டர் நகரில், யாங்கீஸின் டபுள்-ஏ அணியான சோமர்செட் பேட்ரியட்ஸ் ஆடுகிறது. நால்வருக்கும் சேர்த்து, பிராங்க்ஸில் உள்ள யாங்கீஸ் மைதானத்துக்குப் போகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். வேலிக்கு அருகிலேயே உட்காரலாம். ஆட்டத்துக்கு முன் கையெழுத்துப் போட வரும் இளைஞர்களில் யாராவது ஒருவர் நாளை யாங்கீஸ் மைதானத்தில் நிற்கக்கூடும். அவர் இப்போது எவ்வளவு வாங்குகிறார் என்பதையும், தன் விலையைத் தானே கேட்பதற்கு முன் அவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதையும் அங்கே உட்கார்ந்தபடி மகனோடு சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள்.