தம்பி வாங்கித் தந்த காசும் அடகில் இருக்கும் நகையும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். என் தம்பி பழைய நாணயங்களை வாங்கி விற்கிறான். அவன் பேச்சைக் கேட்டு, வங்கியில் நகையை வைத்து 9.5% வட்டிக்கு 2,40,000 ரூபாய் எடுத்து அவனிடம் வாங்கியவை இவை: 1939-ம் வருட ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் ஒன்று (1,20,000), ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா ஒன்று (55,000), கரூர் ஆற்றில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசு இரண்டு (65,000). ரோமானியக் காசுகள் இரண்டும் கீறல் உட்பட ஒரே மாதிரி இருக்கும்; ஜோடி என்பதால் விலை அதிகம் என்றான். இப்போது இன்னும் நல்ல சரக்கு வருகிறது, 3 லட்சம் பர்சனல் லோன் போட்டுக் கொடு அக்கா என்கிறான். 15% வட்டி, 3 வருடம், மாதம் 10,400. அதைக் கட்டிவிடுவேன். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: அந்த ‘மட்டும்’தான் எனக்கு உறுத்துகிறது. சரி, முதலில் காசுகளைப் பார்த்துவிடுவோம்.

ரோமானியக் காசுகள்: நீங்கள் பெருமையாக எழுதிய விஷயமே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தக் காலத்தில் சூடாக்கிய வெள்ளி வில்லையை அச்சின் மேல் வைத்து, சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தார்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில்கூட ஓரம், வெடிப்பு, படம் விழுந்த இடம் மாறும். 2,000 வருடம் கழித்து கீறல் வரை ஒத்துப்போனால், இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகளும், விளிம்பைச் சுற்றி அரம் போட்டுத் தேய்த்த தடமும் இருக்கக்கூடும். கரூர் அமராவதி ஆற்றில் ரோமானியக் காசுகள் கிடைப்பது உண்மைதான். அந்த உண்மையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. ஒருவேளை இவை அசலாகவே இருந்தாலும் நிம்மதி இல்லை. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருடப் புதையல் சட்டம். “ஆற்றில் கிடைத்தது” என்று சொல்லி விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ராமர் காசு: இதற்கு லென்ஸே வேண்டாம். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 அரையணாவைக் கம்பெனி அடிக்கவே இல்லை. சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. அதனால்தான் மக்கள் இதையும் நம்பிவிடுகிறார்கள். திருவிழாக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற வில்லை இது. இந்த மாதிரிக் காசு அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால், அது இரிடியம் கலசம் விற்கிற கூட்டத்தின் பேச்சு. தம்பி இதை நம்பி வாங்கினாரா, தெரிந்தே உங்களிடம் தள்ளினாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

1939 ரூபாய்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. அந்த வருட வெள்ளி ரூபாய் அபூர்வம். 1940-ல் ரூபாயில் இருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1938 ரூபாயோ தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் அதன் கடைசி 8-ஐச் செதுக்கி 9 ஆக்குவது பழைய கைவரிசை. இங்கே எடை உதவாது. 11.66 கிராம் சரியாக இருக்கும், வெள்ளியும் 91.7% இருக்கும், ஏனென்றால் அது அசல் காசுதான், பொய் சொல்வது ஒரு எண் மட்டுமே. தட்டினால் ‘டங்’ என்று நல்ல சத்தமும் வரும். அந்த 9-ஐ மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற எண்களைச் சுற்றி இருப்பது போலவே இருக்கிறதா? பள்ளமோ, மெருகு மாறிய இடமோ, எண்ணின் அடியில் கோடோ தெரிகிறதா? பக்கத்திலேயே இன்னொரு 9 இருக்கிறதே, அதனோடு ஒப்பிடுங்கள். அந்த 9 அசலாக இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது 10.7 கிராம் வெள்ளியும் ஒரு பாடமும்.

நானும் ஒரு தடவை ஏமாந்தவன்தான். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று சர்ச்சையாகித் திரும்பப் பெறப்பட்ட 1911 ரூபாயை ஒரு கண்காட்சியில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து நிறுத்தால் ஒரு கிராமுக்கு மேல் குறைகிறது. ஆனால் அது என் கைக்காசு. மாதா மாதம் வட்டி கேட்கவில்லை.

உங்களுக்கு நஷ்டம் வருவது நாணயத்தைப் பார்க்கத் தெரியாததால் அல்ல. விற்பவர் தம்பி, மதிப்பு சொல்பவர் தம்பி, நாளைக்கு விற்றுத் தருபவரும் தம்பி. கடன் மட்டும் உங்கள் பெயரில். வெளியாள் ஒருவர் கண்ணில் காட்டும் முன்பே நகை அடகுக்குப் போய்விடுகிறது.

3 லட்சம் லோனின் கணக்கைத் தோராயமாகப் பாருங்கள். 36 தவணையில் 3,74,400 கட்டுவீர்கள். கடைக்காரர் விற்கும் விலைக்கும் திரும்ப எடுக்கும் விலைக்கும் 25% வித்தியாசம் என்று வைத்தால், வாங்கிய அன்றே சரக்கின் மதிப்பு 2,25,000. கட்டிய பணம் திரும்பவே 3 வருடத்தில் 66% ஏற வேண்டும். அதுவும் அத்தனையும் அசலாக இருந்தால். நகைக்கடன் வட்டி மாதம் 1,900-ஐயும் சேர்த்தால் 12,300; உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

‘மாற்று முதலீடு’ என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இந்த வாங்கும்-விற்கும் வித்தியாசத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் சீல் வைத்துத் தரச்சான்றோடு வருவதைக் காட்டி தம்பி சமாதானம் சொல்லலாம். அந்த டப்பாவிலும் போலி உண்டு. சான்று எண்ணை, கொடுத்த நிறுவனத்தின் தளத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும். வாங்க ஆள் ரெடி, ரிசர்வ் வங்கிக்குக் கமிஷன் கட்டினால் போதும் என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அப்படி எந்தக் கட்டணமும் தான் வாங்குவதில்லை என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

லோன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பியிடம் சண்டை வேண்டாம். “1939-ஐ முதலில் விற்றுக் காட்டு, அப்புறம் பேசலாம்” என்று சொல்லுங்கள். நீங்களும் கோவையிலோ சென்னையிலோ தம்பிக்குப் பழக்கமில்லாத இரண்டு வியாபாரிகளிடம் அதைக் கொண்டுபோங்கள். “என்ன விலை போகும்?” என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் தாராளமாகச் சொல்வார்கள். “நீங்கள் இன்றைக்கு எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள்.

மாதம் 10,400 கட்ட முடியும் என்கிறீர்கள் அல்லவா? அதை நகைக்கடனில் கட்டுங்கள். தம்பி ஒரு ரூபாய் தராவிட்டாலும் 26 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். தீபாவளி போனஸையும் அதிலேயே போட்டால் இன்னும் சீக்கிரம்.