‘டக்’ சத்தத்தை நம்பலாமா?

கேள்வி: டிரெய்லரை ஃபிப்த் வீலில் (இழுக்கும் லாரியின் பின்புறம் உள்ள இணைப்புத் தட்டு) மாட்டும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டால் போதாதா? கழற்றும் வரிசை என்ன?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: போதாது தம்பி. டார்ச்சுடன் கீழே குனியுங்கள். தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தட்டில் உள்ள பூட்டுத் தாடை, டிரெய்லருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் என்ற இரும்பு முளையின் கழுத்தைக் கவ்வியிருக்க வேண்டும். டிரெய்லர் உயரமாக நின்றிருந்தால் கிங்பின் தாடைக்கு மேலேயே நின்றுவிடும். சத்தம் மட்டும் வரும். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி, முதல் கியரில் மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் டிரெய்லரின் முன்புறத் தாங்குகால்களைத் தூக்க வேண்டும். பூட்டு விழுந்ததா என்பதைத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்புகிற மகராசன்களும் இருக்கிறார்கள்!

கழற்றும்போது பிரேக்கைப் போட்டு, கால்களை இறக்கி, காற்றுக் குழாய், மின் இணைப்பைக் கழற்றி, கடைசியாகத் தாடையைத் திறக்கும் நெம்புகோலை இழுங்கள். ஈர மண்ணில் கால்களுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். சரக்கோடு சாய்ந்தால் கிரேன் வாடகையை முதலாளி உங்கள் கணக்கில்தான் எழுதுவார்.