பிரட்டலோடு குடித்த வைன் ஏன் கசந்தது?

கேள்வி: நாங்கள் ஆறு பேர், ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். முன்பு ஆளுக்கொரு கறி. இப்போது அதோடு ஆளுக்கொரு வைன் போத்தலும் கொண்டுவருகிறோம். போன மாதம் நான் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு வைன் வாங்கினேன். ஆட்டுப் பிரட்டலோடு குடித்தால் வாயெல்லாம் எரிந்தது, கடைசியில் மருந்துக் கசப்பு. நண்பர் கொண்டுவந்த 55 வெள்ளி வெள்ளை வைன், லேசாக இனித்தது, அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. என் போத்தல் போலியா, கெட்டுப்போனதா? மிச்சத்தைச் சாட்சிக்கு மூடி வைத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொடுத்த தெரிந்தவரே இப்போது, "லங்காவி சரக்கு, ஆறு போத்தல் 300 வெள்ளி" என்கிறார். வாங்கலாமா? அடுத்த முறை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பதில்: போத்தல்மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. பிரட்டல்மேலும் குற்றமில்லை. இரண்டையும் ஒரே வாயில் சேர்த்ததுதான் வம்பு.

மிளகாய்க் காரம் ஒரு ருசியே அல்ல. புளிப்பு, உப்பு, இனிப்பு, கசப்பை நாக்கு ருசியாக அறியும். காரத்தை மட்டும் சூடாக அறியும். சூடு பட்டால் துடிக்கும் அதே நரம்பை மிளகாய் சீண்டுகிறது. மதுவும் அதே நரம்பைத்தான் சீண்டும். உங்கள் ஷிராஸின் பின்பக்கச் சீட்டைப் பாருங்கள், மது 14 அல்லது 14.5 சதவீதம் என்று இருக்கும். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதை. அதற்குமேல் திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து இறங்கிய துவர்ப்பு வேறு. பாக்கு மென்றால் வாயை இழுத்துப் பிடிக்குமே, அது. காரம் ஏறிய வாய்க்கு அந்தத் துவர்ப்பு கசப்பாகவே தெரியும். நண்பரின் வைனில் துவர்ப்பு அநேகமாக இல்லை, மது குறைவு, இனிப்பு கொஞ்சம், ஐஸ் பெட்டியிலிருந்து நேராக வந்த குளிர்ச்சி. நான்கும் காரத்துக்கு மருந்து. 55 வெள்ளி 180 வெள்ளியை அடித்ததில் அதிசயம் எதுவும் இல்லை.

இன்னொன்று கேட்கிறேன். ஷிராஸை அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே திறந்தீர்களா? சிவப்பு வைனை "அறை வெப்பநிலையில்" பரிமாறு என்று எவனோ எழுதிவைத்ததை நம் ஊரில் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே அது 16, 18 டிகிரி. சுங்கை சிப்புட்டில் மாலை ஆறு மணிக்கும் கூடத்தில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் மது ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும். சிவப்பையும் அரைமணி நேரம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இனி உங்கள் "தெரிந்தவர்" விஷயம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சூடு அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

180 வெள்ளி ஷிராஸைப் போலி செய்ய மெனக்கெடுபவர்கள் குறைவு. அமெரிக்காவில் 2014ல் பத்தாண்டு தண்டனை பெற்ற இந்தோனேசியர் ரூடி குர்னியவான் போலி செய்தது ஆயிரக்கணக்கில் டாலர் விலைபோகும் பழைய பிரெஞ்சு வைன்களை, பர்கண்டி, போர்தோ போத்தல்களை. உங்கள் ஆளிடம் பயப்படவேண்டியது வேறு. ஆறு போத்தல் 300 என்றால் ஒன்று 50. அதே ஆள் போன மாதம் ஒன்றுக்கு 180 வாங்கினார். எது பொய் என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

லங்காவி 1987 முதல் வரியற்ற தீவு. அங்கிருந்து ஒரு ஆள் வரியில்லாமல் கொண்டுவர அனுமதி ஒரு லிட்டர்தான். ஒரு போத்தல் 750 மில்லி. ஆறு போத்தல் நாலரை லிட்டர். அவர் வீட்டில் ஆறு பேர் வாராவாரம் கப்பல் ஏறுகிறார்களா? நம் கடைகளில் முறையாக விற்கும் போத்தலில் சுங்கத்துறையின் வரி முத்திரை ஒட்டியிருக்கும், இறக்குமதி செய்த கம்பெனியின் பெயரும் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வாங்காதீர்கள். 1967 சுங்கச் சட்டத்தின்படி, வரி கட்டாத சரக்கு என்று தெரிந்தே வைத்திருப்பதும் குற்றம். விற்றவன் கைப்பேசி எண்ணை மாற்றிவிடுவான். போத்தல் உங்கள் வீட்டில் இருக்கும்.

அதைவிடப் பெரிய பயம், இப்படி முத்திரை இல்லாமல் விற்கிற கை வைனோடு நிற்பதில்லை, விஸ்கியும் பீரும் சேர்த்துத்தான் விற்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் என்ற விஷம் கலந்த மலிவுச் சாராயத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று மறந்துபோயிற்றா? டஜன் கணக்கில். பார்வை போனவர்களும் உண்டு. வைனில் இது அரிது, ஆனால் 1986ல் இத்தாலியிலேயே மெத்தனால் கலந்த வைன் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் ஒரு தலைமுறையைப் பறிகொடுத்த தோட்டத்துச் சனங்கள் நாம். மலிவு என்றதும் கை நீளக்கூடாது.

போலியும் இல்லை, விஷமும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி எங்கே இருந்தது? ஒருமுறை நானே ஏமாந்தேன். பன்னிரண்டு போத்தல், நல்ல பெயர், பாதி விலை. கார் பின்பெட்டியிலும் தகரக் கூரைக் கொட்டகையிலும் மூன்று மாதம் கிடந்த சரக்கு என்று பிறகுதான் தெரிந்தது. தக்கை ஒரு நெல் அளவு மேலே எழும்பியிருந்தது, கழுத்தில் பிசுபிசுப்பு. ஊற்றினால் பழுப்பு நிறம், காய்ச்சிய ஜாம் வாசம். வைனுக்கு வெயில்தான் எமன். பேரங்காடிகளும் யோக்கியமில்லை: ஹலால் அல்லாத மூலையில், கண்ணாடிச் சுவர் ஓரம், விளக்குக்கு நேர் கீழே நிற்கவைத்துவிட்டு ராத்திரி குளிர்சாதனத்தை அணைத்துவிடுகிறார்கள். கேட்டால் "அப்படித்தான் சார் வரும்". திருகுமூடிப் போத்தலையே வாங்குங்கள், தக்கைப் பிரச்சினை இருக்காது. மேல்தட்டில் விளக்கடியில் இருப்பதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 முதல் நம் நாட்டில் கலால் வரி போத்தலின் விலையைப் பார்த்து வருவதில்லை, உள்ளே இருக்கும் தூய மதுவின் அளவைப் பார்த்து வருகிறது. ஆகவே 40 வெள்ளி போத்தலும் 400 வெள்ளி போத்தலும் ஒரே அளவு மது இருந்தால் கட்டும் கலால் ஒன்றுதான். மலிவுப் போத்தலில் வரியும் கப்பல் கூலியும் இரண்டு கை லாபமும் போனால் திராட்சைக்கு மிஞ்சுவது சில்லறை. இதை யாரும் விலைச்சீட்டில் எழுதுவதில்லை. ஆனால் உங்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு: 8 சதவீத வைனுக்கு 14.5 சதவீத வைனைவிடக் கலால் கிட்டத்தட்ட பாதி. நம் சாப்பாட்டுக்கு ஏற்றதும் அந்த 8 சதவீதம்தான்.

எப்படித் தேடுவது? ஜெர்மன் ரீஸ்லிங் என்று கேளுங்கள், அது ஒரு வெள்ளை வைன். சீட்டில் படிக்கமுடியாத சொற்கள் இருக்கும், விடுங்கள். எண்ணை மட்டும் பாருங்கள். திராட்சைச் சர்க்கரைதான் மதுவாக மாறுகிறது. 8, 9 சதவீதத்தில் நின்றுவிட்டது என்றால் மாறாத சர்க்கரை உள்ளே மிச்சம் இருக்கிறது. 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பு இருக்காது. "ரிசர்வ்" என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்பெயினில் அதற்குச் சட்டம் உண்டு. ஆஸ்திரேலியாவில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இப்போது உங்கள் சனிக்கிழமை. ஆறு போத்தல் வேண்டாம், நான்கு போதும். நாக்கு அதற்குமேல் கணக்கு வைக்காது. ஒருமுறை ஊற்றுவது 50 மில்லி. ஒரு போத்தலில் பதினைந்து முறை ஊற்றலாம், ஆறு பேருக்கு இரண்டு சுற்று தாராளம். ஒருவர் மட்டும் சமையலறையில் போத்தல்களைப் பழைய நாளிதழில் சுற்றி எண் போடட்டும். இன்னொருவர் வந்து ஊற்றட்டும். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும், உங்கள் நாக்கு மட்டுமல்ல. 1976 மே மாதம் பாரிஸில் பிரெஞ்சு நிபுணர்களே கண்ணை மூடிக்கொண்டு ருசித்ததுபோல் பெயர் தெரியாமல் ருசித்து, தங்கள் நாட்டு வைன்களை விட்டு கலிபோர்னிய வைன்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள், வெள்ளையிலும் சிவப்பிலும்.

முதல் சுற்று வெறும் வைன். ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள், எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. கூட்டத்தில் உரத்த குரல்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் சொன்ன பிறகு எல்லோருக்கும் "ஆமாம், செர்ரி வாசம்" வந்துவிடும். இரண்டாம் சுற்று ஒரே ஒரு கறியோடு. நண்டு சம்பாலையும் மீன் தலைக்கறியையும் பிரட்டலையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு எந்த வைன் எதற்குப் பொருந்தியது என்று கேட்டால் சாமிக்கும் தெரியாது. இடையில் வெறும் சோறு, தண்ணீர், ஐந்து நிமிடம். தயிர் ஒரு கரண்டி காரத்தை நன்றாக இறக்கும். தே தாரேக் என்ற பால் தேநீர் வேண்டாம்.

தாளிப்பையெல்லாம் முன்னாலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். சாம்பிராணி, மல்லிகை, அத்தர் எல்லாம் அன்றைக்கு வேறு அறையில்.

ருசித்த வைனைத் துப்புவதற்குக் கூச்சப்படுவீர்கள். வெற்றிலை போட்ட நம் தாத்தாக்கள் கையில் படிக்கம் வைத்திருக்கவில்லையா, அதேதான். என் தாத்தா காலைக் கள்ளு இனிப்பு, மாலைக் கள்ளு புளிப்பு என்று மரம் மரமாகச் சொல்லுவார். அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, கண்ணாடிக் கோப்பையும் விற்கவில்லை. 2020 அக்டோபரில் வண்டியோட்டுவோருக்கான ரத்த மது வரம்பை 80 மில்லிகிராமிலிருந்து 50க்கு இறக்கிவிட்டார்கள். துப்பாதவர் அங்கேயே படுத்துக்கொள்ளட்டும்.

அசாம் (புளி) போட்ட மீன் தலைக்கறிக்கு அதைவிடப் புளிப்பான வெள்ளை வேண்டும், நியூசிலாந்தின் சோவினியோன் பிளாங்க் மாதிரி. இல்லையென்றால் வைன் தண்ணீராகிவிடும். துவர்ப்புச் சிவப்பு மீனோடு இரும்பு வாசம் அடிக்கும். அதிரசம், கேசரியோடு எதுவும் வேண்டாம்.

அப்படியென்றால் ஷிராஸுக்கு நம் வீட்டில் இடமே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு இடம் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். மிளகாய் வேறு, மிளகு வேறு. கருமிளகின் வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருக்கிறது. 2008ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆகவே மிளகு ஆட்டிறைச்சி வறுவலோடு ஷிராஸ் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நிபந்தனை உண்டு. மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. பாதி வீடுகளில் "மிளகு வறுவல்" என்ற பெயரில் நிறத்துக்காக இரண்டு கரண்டி போடுகிறார்கள், அது கணக்கில் வராது. தக்காளி வேண்டாம். பொட்டலத்து மிளகுத்தூள் வேண்டாம், இடித்த மிளகு, அதுவும் இறக்கும்போது. கொழுப்பும் உப்பும் இருக்கவேண்டும், இரண்டும் துவர்ப்பை அடக்கும். ஷிராஸும் குளிர்ந்த பிரதேசத்ததாக இருந்தால் நல்லது, அங்கேதான் அந்த மிளகு வாசம் தூக்கலாக வரும். ஆஸ்திரேலியாவின் பரோசா வெயிலில் பழுத்ததில் பழமும் மதுவும்தான் முன்னால் நிற்கும். இவ்வளவு செய்தும் உங்களில் ஒருவர் "எனக்கு மிளகே தெரியவில்லை" என்றால் அவரைக் கிண்டல் செய்யாதீர்கள். ஐந்தில் ஒருவர் அளவுக்கு அந்த வாசம் மூக்கில் ஏறுவதே இல்லை.

சாட்சிக்கு மூடிவைத்த மிச்சம்? ஒரு மாதம் ஆகிவிட்டது, சாட்சி இந்நேரம் காடிக்குப் பாதி வழி போயிருக்கும். அதை வைத்து யாரிடமும் நியாயம் கேட்கமுடியாது. மோந்து பாருங்கள், புளிப்பு மட்டும்தான் என்றால் ஆட்டுக்கறி ஊறவைக்க ஆகும்.