டிஎக்ஸ்7: பெயர்கள் குப்பையாக வந்தால் வாங்கலாமா?

முன்பு விற்றுவிட்ட யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசருக்கு (மின்னணு கீபோர்டு) பதிலாக இன்னொன்றைத் தேடுகிறீர்கள்; கிடைத்ததில் பெயர்கள் குப்பையாக வருகின்றன. வாங்கலாம். திரையில் ஒலிகளின் பெயர்கள் கன்னாபின்னாவென்று வருவதும், எதை அழுத்தினாலும் இரைச்சல் கேட்பதும் சர்க்யூட் போர்டு போனதற்கான அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கும். 1983-இல் வந்த முதல் மாடல் தன் 32 ஒலிகளையும் அதை நம்பித்தான் வைத்திருக்கிறது.

விற்பவர் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள். ஃபங்ஷன் பட்டனை அழுத்தி, பிறகு 14-ஆம் பட்டனை அழுத்துங்கள். பேட்டரி வோல்டேஜ் தெரியும். 3-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்து வாய்ஸ் இனிட் (ஒலியை அடிப்படை நிலைக்குக் கொண்டுவரும் கட்டளை) கொடுங்கள். சுத்தமான, வெறும் சைன் ஒலி (விசில் போன்ற எளிய ஒலி) வந்தால் ஒலிப் பகுதி நன்றாக இருக்கிறது. அந்த ஒலியிலேயே 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். இனிட் ஒலியும் கரகரத்தால் விட்டுவிடுங்கள், வேறு ஒன்று கிடைக்கும். பழையதை விற்றுவிட்ட வருத்தத்தில் இன்னொன்றை வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் மனமிளகி வாங்கிவிடுகிறார்கள்.

பேட்டரி போர்டில் சால்டர் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சிஆர்2032 (நாணய வடிவ பேட்டரி) ஹோல்டர் ஒன்றைப் பற்றவையுங்கள், துருவம் மாறாமல். பிறகு மெமரி புரொடெக்ட்டை (ஒலிகள் அழியாமல் காக்கும் பூட்டு) அணைத்து, மிடி (கருவியைக் கணினியோடு இணைக்கும் முறை) பக்கத்தில் 'சிஸ் இன்ஃபோ'வை 'அவெய்ல்' ஆக்கி, கணினியிலிருந்து 32 ஒலித் தொகுப்பை அனுப்புங்கள். ஃபைல் 4104 பைட் இருக்கும். பாதியில் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்; மலிவான யுஎஸ்பி-மிடி வயர்கள் பெரிய தொகுப்பை விழுங்கிவிடும்.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் அது 100 வோல்ட். பின்பக்கத்தைப் படிக்காமல் நம் 230-இல் செருகாதீர்கள்.

பழைய டிஎக்ஸ்7-இல் நீங்கள் அன்று உருவாக்கிய ஒலிகள், கார்ட்ரிட்ஜிலோ (செருகிச் சேமிக்கும் நினைவக அட்டை) கணினியிலோ இருந்தால் மட்டுமே மீளும்.